வாசகர் கேள்வி – பதில்: ஆயில் பேஸ்டலில் வண்ணக் காடு

ஓவியப் பகுதிக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த முறை ஆயில் பேஸ்டல் பற்றியவை. அதிலும் மரம், காடு, காட்டுப் பாதை என்றுதான் பலரும் திணறுகிறார்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பெட்டியைத் திறக்கும்போது நிறங்கள் பளிச்சென்று இருக்கின்றன. காடு வரைந்து முடிப்பதற்குள் எல்லாம் கலங்கிப் பழுப்பாகிவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்? – வாசகி, மதுரை

பதில்: நிறங்களைப் போடும் வரிசையில். ஆயில் பேஸ்டல் என்பது நிறப்பொடி, மெழுகு, காயாத கனிம எண்ணெய் மூன்றும் சேர்ந்த குச்சி. போஸ்டர் கலரைப் போல இது காய்ந்து தாளில் நின்றுவிடாது. நேற்றுப் பூசிய நிறம் இன்றும் விரலில் ஒட்டும். ஆகவே மேலே எதைத் தேய்த்தாலும் அடியில் இருப்பது கிளம்பி வந்து அதோடு கலக்கும். அடியில் இருப்பது மஞ்சள் என்றால் கெடுதல் இல்லை. கறுப்போ அடர்பச்சையோ இருந்தால், அதன்பின் அந்த இடத்தில் மஞ்சளை மஞ்சளாகப் பார்க்க முடியாது.

பெரும்பாலானோர் மரத்தைத்தான் முதலில் வரைகிறார்கள். கறுப்பு அல்லது பழுப்பில் அடிமரம், பச்சையில் இலை, பிறகு இடைவெளிகளில் வானம். அந்த மஞ்சள் வானத்தை விரலால் தேய்க்கும்போது கறுப்பு இழுபடுகிறது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் ஒளி, அப்புறம் தூரம், கடைசியில் கண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் மரம்.

இன்னொரு காரணம் குச்சியின் நுனி. மஞ்சள் குச்சி ஒருமுறை பச்சைமேல் பட்டால் அதன் நுனியில் பச்சை ஒட்டிக்கொள்ளும். அடுத்த இடத்தில் அது மஞ்சளாக விழாது. ஒவ்வொரு நிறமாற்றத்துக்கும் நுனியைப் பழைய பருத்தித் துணியில் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். விரலுக்கும் இதே விதிதான். ஆள்காட்டி விரல் மஞ்சள், ஆரஞ்சுக்கு. நடுவிரல் சிவப்பு, ஊதாவுக்கு. மோதிர விரல் நீலம், பச்சைக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதிக் கலங்கல் குறையும்.

கேள்வி: ஏ4 தாளில் ஒரு வண்ணக் காட்டை ஆரம்பம் முதல் முடிவு வரை எப்படிச் செய்வது? 25 நிறப் பெட்டி இருக்கிறது. – வாசகர், திருச்சி

பதில்: 25 நிறம் தாராளம். அவற்றில் பன்னிரண்டுக்கு மேல் எடுக்காமல் இருப்பதே நல்லது. எலுமிச்சை மஞ்சள், அடர்மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, வெளிர்நீலம், அடர்நீலம், மஞ்சள்பச்சை, அடர்பச்சை, அடர்பழுப்பு, வெள்ளை. கறுப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

தாளை ஒரு பலகையில் வைத்து நான்கு பக்கமும் 1 செ.மீ. அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் டேப்பை ஒருமுறை துணியில் ஒட்டி எடுத்தால் பசை கொஞ்சம் குறையும். பிரிக்கும்போது தாள் கிழியாது. பென்சிலால் வரையாதீர்கள். கிராஃபைட் மஞ்சளோடு கலந்து சாம்பல் கோடாகத் தெரியும். எலுமிச்சை மஞ்சள் குச்சியின் விளிம்பாலேயே கோடு போடலாம். தாளின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தரை முடியும் கோடு, அதை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் வளைந்த பாதை, பாதை மறையும் இடத்துக்குச் சற்று மேலே ஒளி. ஒளி நட்டநடுவில் வேண்டாம். வலமோ இடமோ தள்ளி இருக்கட்டும்.

இனி ஒளி. 2 செ.மீ. நீளத் துண்டாகக் குச்சியை உடைத்து, மேல்காகிதத்தை உரித்து, படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். குச்சியை உடைக்க மனம் வராதவர்களுக்கு இந்த ஓவியம் கஷ்டம்தான்! ஒளியின் நடுவில் ஏறக்குறைய 3 செ.மீ. வட்டத்தைத் தாளின் வெள்ளையாகவே விடுங்கள். அதைச் சுற்றி எலுமிச்சை மஞ்சள், அடுத்து அடர்மஞ்சள், பிறகு ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, மூலைகளில் ஊதா. ஒவ்வொரு நிறமும் அடுத்ததன்மேல் 1 செ.மீ. ஏறட்டும். அழுத்தம் மிகமிக லேசாக இருக்க வேண்டும். தாளின் சொரசொரப்பு இடையிடையே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தால் அளவு சரி. பிறகு விரலால் வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கித் தேய்த்துக்கொண்டு போங்கள். திரும்பி வரக்கூடாது. ஊதாவைத் தொட்ட விரல் மஞ்சளுக்கு வந்தால் அங்கே பழுப்பு பிறக்கும், ஏனென்றால் இரண்டும் எதிர்நிறங்கள். இடையில் ஆரஞ்சையும் இளஞ்சிவப்பையும் வைத்ததே அவை நேராகச் சந்திக்காமல் இருக்கத்தான்.

தொலைவு மரங்கள் அடுத்தது. வெளிர்நீலம் அல்லது ஊதாவால் பென்சில் தடிமனில் செங்குத்துக் கோடுகள், மேலே வெள்ளைக் குச்சியால் ஒரு தேய்ப்பு. வெள்ளை இங்கே நிறமாக வேலை செய்வதில்லை, மூடுபனியாக வேலை செய்கிறது. கிளை, இலை, பட்டை எதுவும் வேண்டாம். தொலைவில் விவரம் தெரிந்தால் அது தொலைவாக இருக்காது.

நடுவில் நிற்கும் மரங்கள் விரல் தடிமன். ஊதாவின்மேல் பழுப்பு. ஒளியைப் பார்க்கும் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுக் கோடு. இவற்றுக்கு இலைகளைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்: ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள்பச்சை, கொத்துக் கொத்தாக, கொத்துகளுக்கு நடுவே வானம் தெரிய. வானம் தெரியாத இலைத்திரள் உயிரில்லாமல் போய்விடும்.

பக்கத்து மரங்கள் இரண்டு அல்லது மூன்று போதும். ஒன்றாவது 3 முதல் 4 செ.மீ. அகலத்தில், தாளின் மேல் விளிம்பைத் தாண்டிப் போக வேண்டும். உச்சி தெரியக்கூடாது. எல்லா மரமும் ஒரே தடிமன், ஒரே இடைவெளி என்றால் நீங்கள் வரைந்தது காடு அல்ல, தோப்பு. அடர்நீலத்தை அழுத்திப் பூசி அதன்மேல் அடர்பழுப்பு. பெட்டிக் கறுப்பைவிட ஆழமான இருட்டு கிடைக்கும், அழுக்காகவும் தெரியாது. ஒளிப்பக்கம் ஆரஞ்சு, எதிர்ப்பக்க விளிம்பில் மெல்லிய ஊதா. இந்த ஊதா விளிம்பு வந்ததும் அடிமரம் உருண்டையாகிவிடுவதைப் பார்ப்பீர்கள். அடியில் வேர்ப்பகுதி சற்று அகன்று தரையில் இறங்க வேண்டும்.

தரையைக் கிடைமட்டமாகத் தேய்க்கவும். மரநிழல்கள் ஒளியிலிருந்து நம்மை நோக்கி விசிறிபோல் விரியும். மூன்று நிழலும் இணைகோடுகளாகப் போனால் சூரியன் எங்கே என்று கண்ணுக்குக் குழப்பம் வரும். உதிர்ந்த இலைப் புள்ளிகள் காலடியில் பெரிதாகவும் பாதையின் கடைசியில் குண்டூசித் தலை அளவிலும் இருக்கட்டும்.

கடைசி வேலை முன்மரத்தின் இலைகள். இதுவரை வெளிச்சத்தின்மேல் இருட்டைப் போட்டோம். இங்கே மட்டும் இருட்டின்மேல் வெளிச்சம். அடர்பச்சையும் அடர்நீலமும் பூசிய திரளின்மேல் மஞ்சள்பச்சை, மஞ்சள் புள்ளிகளை நன்றாக அழுத்தி, ஒரே ஒற்றில் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஐந்தாறு புள்ளிக்கும் நுனியைத் துடைக்கவும். இரண்டாம் முறை அதே இடத்தைத் தொட்டால் புள்ளி கரைந்துவிடும். மெல்லிய கொப்புகளைப் பல் குத்தும் குச்சியாலோ மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவாலோ கீறி எடுங்கள். அடியிலிருக்கும் ஆரஞ்சு வெளியே வந்து கிளையாகும்.

டேப்பைத் தாளுக்குத் தாழ்வாக, மெதுவாக, படத்துக்கு வெளிப்பக்கமாக இழுத்துப் பிரிக்கவும். இத்தனைக்கும் இரண்டரை மணி நேரம் போல ஆகும்.

கேள்வி: எந்தத் தாள் வாங்குவது? சார்ட் பேப்பரில் நிறம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. – வாசகி, நாகர்கோவில்

பதில்: சார்ட் பேப்பர் வழவழப்பானது. நிறம் தங்குவதற்கு மேடுபள்ளம் வேண்டும். முதல் பூச்சு ஒட்டும்; இரண்டாவது பூச்சு முதலாவதை வழித்துக்கொண்டு போய்விடும். பள்ளி டிராயிங் நோட்டுத் தாளில் இரண்டு அடுக்கு தாங்கும். சற்றுச் சொரசொரப்பான 180 முதல் 220 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கார்ட்ரிட்ஜ் தாள் பழகுவதற்கு ஏற்றது. வாட்டர்கலருக்கான 300 ஜி.எஸ்.எம். தாளில் நான்கைந்து அடுக்கு போடலாம், ஆனால் அதன் ஆழமான பள்ளங்களை நிரப்பக் குச்சி நிறையச் செலவாகும்.

அதற்கு ஒரு வழி உண்டு. முதலில் நீர்த்த வாட்டர்கலரில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கழுவியதுபோல் பூசி, முழுக்கக் காயவிட்டு, அதன்மேல் பேஸ்டல் போடுங்கள். பள்ளங்களில் வெள்ளைப் புள்ளிகள் தெரியாது. தாளில் ஈரம் துளி இருந்தாலும் பேஸ்டல் வழுக்கும். வரிசையை மாற்றினால் வேலைக்கு ஆகாது. பேஸ்டலின்மேல் தண்ணீர் நிற்காமல் உருண்டோடும்.

கறுப்புத் தாளில் காடு எளிது என்று சிலர் சொல்வார்கள். இரவுக் காட்டுக்குச் சரி. ஒளி ஊடுருவும் காலைக் காட்டுக்குக் கறுப்புத் தாளில் மூன்று மடங்கு உழைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வெள்ளை ஏன் மேலே நிற்பதில்லை? சூரியக் கதிர்களைக் கரெக்‌ஷன் பேனாவால் போடலாமா? – பிளஸ் 1 மாணவர், ஈரோடு

பதில்: மாணவர் பெட்டிகளில் உள்ள வெள்ளையில் மெழுகு அதிகம், நிறப்பொடி குறைவு. மூடுவதற்குப் பதில் கலக்கிறது. கரெக்‌ஷன் பேனாவோ போஸ்டர் வெள்ளையோ எண்ணெய்ப் பசையின்மேல் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் சில நாளில் செதில் செதிலாக உதிரும்.

கதிர்களை வரைய வேண்டாம், துடைத்து எடுங்கள். சாதாரண அழிப்பானைப் பிளேடால் ஆப்புபோல் வெட்டி, அதன் விளிம்பால் ஒளியிலிருந்து வெளியே நோக்கி ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் அழிப்பானைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்ததைத் திரும்பப் பூசிவிடும். அந்தத் தடத்தில் மெல்ல எலுமிச்சை மஞ்சளை ஓட்டினால் போதும். இது லேசாகப் பூசிய இடத்தில்தான் நடக்கும். அழுத்திப் பூசிய இடத்தில் வழவழவென்று இழுபடும். ஆகவே கதிர் எங்கே வரும் என்பதை முன்பே முடிவுசெய்து, அங்கே கையை இறுக்காமல் விடுங்கள்.

கேள்வி: விரல் தவிர வேறு எதால் தேய்க்கலாம்? தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பாக வருகிறதே? – வாசகி, கும்பகோணம்

பதில்: அன்றைக்கு வரும். மறுநாள் தாளைத் திருப்பிப் பாருங்கள், வடை வைத்த காகிதம்போல் ஊறியிருக்கும். நிறம் இல்லாத இடத்திலும் எண்ணெய் வளையம் படரும். நாளாக நாளாக வாடையும் வரும். கையில் ஒட்டிய பேஸ்டலைக் கழுவத்தான் தேங்காய் எண்ணெய் உகந்தது: நாலு சொட்டு தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்பு.

இயர் பட்ஸ் சின்ன இடங்களுக்கு, மடித்த டிஷ்யூ வானத்துக்கு, இறுக்கிச் சுருட்டிய காகிதக் குச்சி அடிமரத்துக்கு. டிஷ்யூ நிறத்தைப் பாதி தின்றுவிடும் என்பதால் வெளிர்நிறங்களில் மட்டும் பயன்படுத்தவும். டர்பன்டைன் அல்லது வாசனையற்ற தின்னரைத் தூரிகையில் தொட்டு முதல் அடுக்கைக் கரைத்துப் பரப்பும் முறை பெரியவர்களுக்கு நல்லது. தடித்த தாள், திறந்த சன்னல், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இல்லாமை மூன்றும் கட்டாயம். குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் தேய்த்து மழுப்பிவிடுவதுதான் இப்போது பரவலாகக் காணும் குறை. தொலைவைத் தேயுங்கள், நடுவைப் பாதி தேயுங்கள், முன்னால் இருப்பதைத் தொடாதீர்கள். குச்சி விட்டுப்போன தடம்தான் அங்கே பட்டை, அதுதான் இலை.

கேள்வி: வண்ணக் காடு என்று தேடினால் சிவப்பு மேப்பிள் மரங்களாகவே வருகின்றன. நம் ஊர்க் காட்டில் பச்சையைத் தவிர என்ன இருக்கிறது? – ஓவிய ஆசிரியர், கோவை

பதில்: கோவையிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது வியப்பு. நீலகிரிக்கோ ஆனைமலைக்கோ மேலே ஏறினால் சோலைக்காடு இருக்கிறதே! அங்கே பல மரங்களின் இளந்தளிர் சிவப்பு, செம்பு, இளஞ்சிவப்பு நிறங்களில்தான் துளிர்க்கும். முற்றிய பிறகே பச்சையாகும். குளிர்நாட்டில் இலை உதிரும்போது காட்டும் நிறத்தைச் சோலை மரம் இலை பிறக்கும்போது காட்டுகிறது. சோலையின் ஓரத்திலும் புல்வெளியிலும் காட்டுப் பூவரசு ரத்தச் சிவப்பில் பூக்கும்.

சோலை வரைவதற்கு மேலே சொன்ன முறையில் சில மாற்றங்கள் வேண்டும். மரங்கள் குட்டை, அடிமரங்கள் முண்டும் முடிச்சுமாக வளைந்திருக்கும், பாசி மூடியிருக்கும். நேர்க்கோட்டுத் தண்டுகளை மறந்துவிடுங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் அடிமரமே தெரியாது, குவிமாடங்களாக உச்சிகள் மட்டும். ஒவ்வொரு குவிமாடத்தின் அடியிலும் அடர்நீலமும் ஊதாவும் நிழலாக, அதன்மேல் மங்கிய பச்சை, உச்சியில் மட்டும் சிவப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு ஒற்றுகள். ஒரு குவிமாடம் சிவந்திருந்தால் பக்கத்திலிருப்பது பச்சையாக இருக்கட்டும். பள்ளத்தாக்கை நோக்கி வெள்ளையும் வெளிர்நீலமும் தேய்த்தால் பனி இறங்கிவிடும்.

முதுமலைப் பக்கத்து வறண்ட காடு இன்னொரு விதம். கோடையின் தொடக்கத்தில் தேக்கு இலையுதிர்த்து நிற்கும், புரசு இலையே இல்லாமல் ஆரஞ்சு நெருப்பாகப் பூக்கும், சற்றுப் பிந்தி சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். சாம்பல் பழுப்புக் காட்டில் ஒரே ஒரு புரசு மரம் வைத்தால், 25 நிறமும் கொட்டிய படத்தைவிட அது கண்ணை இழுக்கும். மாணவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இந்தப் பயிற்சிதான்.

கேள்வி: பெட்டியில் உள்ள பச்சை பிளாஸ்டிக் செடி மாதிரி தெரிகிறது. – வாசகி, சேலம்

பதில்: பெட்டிப் பச்சையை அப்படியே பூசாதீர்கள். அடியில் லேசாகச் சிவப்பு அல்லது ஆரஞ்சு தேய்த்து, அதன்மேல் பச்சை போடுங்கள், இலைப்பச்சையாக அடங்கும். நிழலுக்குப் பச்சையின்மேல் ஊதா. வெயில் படும் இலைக்குப் பச்சையே வேண்டாம், மஞ்சளின்மேல் வெளிர்நீலத்தை ஒரு தடவு. வேறொரு தாளில் உங்கள் பெட்டியின் ஒவ்வொரு பச்சையின் கீழும் சிவப்பு, ஆரஞ்சு, ஊதா வைத்துச் சிறு கட்டங்களாகப் போட்டுப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பச்சை மாறும்.

கேள்வி: இது குழந்தைகள் பொருள்தானே? பெரியவர்கள் இதில் நேரம் செலவழிக்கலாமா? – ஓய்வுபெற்றவர், சென்னை

பதில்: 1925இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் கிரே-பாஸ் என்று கொண்டுவந்தது பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான். 1949இல் பாரிஸின் சென்னலியே நிறுவனம் ஓவியர்களுக்கென்று தனி வகை செய்தது. அப்படிச் செய்து தரும்படி அந்த நிறுவனத்தைக் கேட்டவர்களில் ஒருவர் பிக்காசோ. அந்த வகை உதட்டுச் சாயம் அளவுக்கு மெதுவானது, விலையும் அதற்கேற்ப. நடுத்தரமாக கொரியாவின் முங்யோ கிடைக்கிறது. கேம்லின், டாம்ஸ் பெட்டிகள் கெட்டியானவை. அடித்தளத்துக்கும் கூர்மையான கோட்டுக்கும் அவையே வசதி. நல்ல வகையில் வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், இளஞ்சிவப்பு மூன்றை மட்டும் தனிக் குச்சியாக வாங்கி, மற்றதற்கு மாணவர் பெட்டியையே வைத்துக்கொள்ளலாம். கெட்டியின்மேல் மெதுவானது ஏறும். மெதுவானதன்மேல் கெட்டியானது ஏறாமல் உழுதுவிடும்.

கேள்வி: வரைந்து ஒரு மாதமாகியும் தொட்டால் ஒட்டுகிறது. லேமினேட் செய்துவிடவா? – வாசகர், புதுச்சேரி

பதில்: கூடாது. லேமினேஷன் சூட்டில் மெழுகு உருகி, படம் முழுதும் வழிந்து அழுந்திவிடும். இது முழுமையாகக் காயாது என்பதை ஏற்றுக்கொண்டு பாதுகாக்க வேண்டியதுதான். சேர்த்து வைப்பதென்றால் ஒவ்வொரு படத்தின் மேலும் பட்டர் பேப்பர். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். பிரேம் போட்டால் மவுண்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் இரண்டு மில்லிமீட்டராவது விலகி நிற்க வேண்டும். ஆயில் பேஸ்டலுக்கென்று விற்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரே ஒட்டுதலைக் குறைக்கும், ஒழிக்காது. தலைமுடி ஸ்பிரே நாளடைவில் மஞ்சளாகும். வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். மாணவர் பெட்டிகளின் இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் முதலில் வெளிறும்.

கேள்வி: போட்டியில் இரண்டு மணி நேரம், ஏ3 தாள். மகளுக்கு முடிக்க நேரம் போதவில்லை. – வாசகி, விழுப்புரம்

பதில்: ஏ3 என்பது ஏ4ஐப்போல் இரு மடங்கு பரப்பு. வேலையைக் குறைத்தால்தான் நேரம் கிடைக்கும். தரையையும் ஒளியையும் முதல் நாற்பது நிமிடத்தில் முடிக்கட்டும். தொலைவு மரங்களுக்கு இருபது. மீதி ஒரு மணி நேரம் இரண்டே இரண்டு பெரிய மரங்களுக்கும் பாதைக்கும். மான், மயில், குடிசை, அருவி எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லாதீர்கள். ஏப்ரல், மே போட்டிகளில் வேறொரு தொல்லையும் உண்டு: வெக்கையில் குச்சி குழைந்து, துளித் துளியாகத் தாளில் உதிரும். உதிர்ந்ததைக் கையால் துடைத்தால் கோடாகிவிடும். தாளைச் செங்குத்தாக நிறுத்திப் பின்பக்கம் தட்ட வேண்டும். முதல் நாள் இரவு பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, காலையில் ஈரம் போகத் துடைத்து எடுத்துப் போகலாம். போட்டி முடியும்வரை பெட்டி சன்னல் ஓரத்தில் இல்லாமல் நாற்காலியின் அடியில் இருக்கட்டும்.